வாலில் மாட்டிய மீன்

தக்கை முங்குகிறது. கோலைச் சுண்டி இழுத்ததும் அது வில்லாக வளைகிறது. நரம்பு விண்ணென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கூட எழுந்து வந்து, "பெரிய ஆள்தான் போல" என்கிறார். பத்து நிமிடம் போராடி, கடைசியில் கைவலையில் ஏந்திப் பார்த்தால், உள்ளே கிடப்பது ஒன்றரைக் கிலோகூடத் தேறாத மீன். முள் அதன் வாயில் இல்லை. வாலுக்குப் பக்கத்தில் குத்தி நிற்கிறது.

இங்கிலாந்தின் குளக்கரைகளில் தூண்டிலோடு உட்காருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். 'ஃபவுல் ஹூக்' என்பார்கள். வாய்க்கு வெளியே, உடம்பில் வேறு எங்காவது முள் ஏறிவிடுவது. விலாவில், வயிற்றில், முதுகுத் துடுப்பில், சில சமயம் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில். பெரும்பாலானவர்கள் "இன்னிக்கு நேரம் சரியில்லை" என்று முணுமுணுத்துவிட்டு, முள்ளை எடுத்து, மீனை விட்டுவிட்டு, அடுத்த இரையைக் கோர்க்கப் போய்விடுவார்கள்.

வாரிக்ஷயர் பக்கத்தில் ஒரு தாத்தாவும் ஐம்பது வருடமாக அப்படித்தான் இருந்தார். பேத்தி கேள்வி கேட்கும் வரை.

தாத்தா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பேத்திக்கு வயது 12. பள்ளி விடுமுறை விட்டால் தாத்தா வீட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பண்ணைக் குளம். ஊரில் இருக்கும் தூண்டில் கிளப் அதைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிறது. கார்ப், பிரீம், டென்ச், ரோச், பெர்ச் என்று வகைக்குக் கொஞ்சம் மீன்கள். கார்ப் என்பது வெளிநாட்டுக் கெண்டை என்று வைத்துக்கொள்ளலாம். பிரீம், தட்டு மாதிரி அகலமாக, தட்டையாக இருக்கும் மீன். டென்ச் பாசிப் பச்சை நிறத்தில், வழுவழுவென்று இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே 'கோர்ஸ் ஃபிஷ்' என்று பெயர். கோர்ஸ் என்றால் மட்டமான, முரட்டு என்று அர்த்தம். சால்மனும் டிரவுட்டும் உயர்ந்த ஜாதி, மற்ற நன்னீர் மீனெல்லாம் மட்டம் என்று பண்ணையார்கள் பிரித்து வைத்த காலத்துப் பெயர். சால்மன் ஆற்றில் தூண்டில் போட நிறையப் பணம் வேண்டும். கால்வாய்க் கரையில் உட்கார்ந்து ரோச் பிடிக்க ஒரு டப்பா புழு போதும். அதனால் இது ஆலைத் தொழிலாளிகளின், சுரங்கத் தொழிலாளிகளின் பொழுதுபோக்காக வளர்ந்தது. பெயர் மட்டமே தவிர, அந்த மீன்கள் மேல் அவர்கள் வைத்திருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. 1952-ல் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 பவுண்டு எடையுள்ள ஒரு கார்ப்பைப் பிடித்தார். அதைக் கொன்று தின்னவில்லை. உயிரோடு லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்கு அனுப்பிவைத்தார். அங்கே அது வருடக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தது.

ஆமாம், இவர்கள் பிடிப்பது திரும்ப விடுவதற்காகத்தான். எடை பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், தண்ணீரில் விட்டுவிடுவார்கள். மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்தக் கதையே அதில்தான் தொங்குகிறது. சாப்பிடப் போகிற மீன் என்றால் முள் எங்கே குத்தினால் என்ன? விடப்போகிற மீன் என்கிறபோது, எங்கே குத்தியது என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது.

அந்த மே மாத விடுமுறையில் பேத்திக்கு முதல் பெரிய மீன் மாட்டியது. தாத்தா கைவலையோடு மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். வந்தது ஒரு கார்ப், பின்பக்கமாக வந்தது. முள்ளைக் கழற்றும்போது, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய செதில் ஒன்று முள்ளோடு பிய்ந்து வந்தது. அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு. தாத்தா மீனைத் தண்ணீருக்குள் பிடித்து நிறுத்தி, அது தானாக வாலை அசைத்ததும் விட்டார். "நல்ல மீன்!" என்று சிரித்தார்.

பேத்தி சிரிக்கவில்லை. செதிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, அது என் இரையைச் சாப்பிடவே இல்லையே?"

"இல்லதான்."

"அப்போ அது சும்மா அந்தப் பக்கம் போயிட்டிருந்தது. நான்தான் குத்திட்டேன்."

"சில நேரம் அப்படி ஆகும் கண்ணு. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஏன் ஆகுது?"

தாத்தாவிடம் பதில் இல்லை. ஐம்பது வருடத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் காலையில் அவர் டப்பாவில் புழுவை எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டபோது, பேத்தி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. பாட்டி போன பிறகு அவருக்கு இருந்த துணையே அந்தக் குளமும், விடுமுறைக்கு வரும் இந்தப் பிள்ளையும்தான். 'வாயில் மாட்டினால் வலிக்காதா, அதற்கு மட்டும் வந்தாயே' என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் தாத்தா தனியாகக் குளத்துக்குப் போனார். தூண்டில் எடுத்துப் போகவில்லை. ஒரு ரொட்டியும், சூரிய ஒளி தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசாமல் இருக்கப் போடும் போலராய்டு கண்ணாடியும் மட்டும். கரை ஓரமாக வில்லோ மரத்தடியில் தண்ணீர் தெளிவாக இருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு, ரொட்டித் துணுக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தார். மீன் பிடிக்கிறவர்கள் மீன் சாப்பிடுவதை நிதானமாகப் பார்ப்பது அபூர்வம். கண் எப்போதும் தக்கை மேலேயே இருக்கும்.

முதலில் இரண்டு டென்ச் வந்தன. டென்ச்சோ பிரீமோ தரையில் கிடக்கும் இரையை எடுக்கும்போது நேராக நிற்பதில்லை. தலை கீழே, வால் மேலே என்று கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கவிழ்ந்துவிடும். இரையை எடுத்ததும் நிமிரும். மறுபடி கவிழும். தக்கையிலிருந்து கீழே இறங்கும் நரம்பு அந்த இடத்தில்தான் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். நிமிரும்போது வயிறு உரசும், கவிழும்போது வால் தட்டும். தட்டையான பிரீம் என்றால் உரசுவதற்கு உடம்பு இன்னும் அகலம். மீன் நரம்பில் இடித்தாலே மேலே தக்கை முங்கும். இரையைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

இதைத் தூண்டில்காரர்கள் 'லைன் பைட்' என்பார்கள். பொய்க் கடி. தக்கை முங்கியது என்று நம்பிச் சுண்டி இழுத்தால், கீழே கிடக்கும் முள் கத்தி மாதிரி மேலே பாய்ந்து வரும். போகிற வழியில் எந்த மீனின் விலா இருக்கிறதோ அதில் ஏறும்.

தாத்தாவுக்கு இது புதிய செய்தி இல்லை. பொய்க் கடி என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதையும் வாலில் மாட்டுவதையும் அவர் சேர்த்து யோசித்ததில்லை. ஒன்று ஏமாற்றம், இன்னொன்று துரதிர்ஷ்டம் என்று தனித்தனியாக வைத்திருந்தார்.

அவர் இன்னும் கொஞ்சம் ரொட்டி போட்டார். பிறகு கை நிறையப் போட்டார். அப்போதுதான் காட்சி மாறியது. ஏழெட்டு கார்ப் வந்துவிட்டன. தரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டிருந்த மீன்கள், மேலிருந்து விழுவதைப் பிடிக்க எழும்ப ஆரம்பித்தன. ஒன்றை ஒன்று முந்தின. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறியது. சாயங்கால நேரப் பேருந்தில் முன்படிக்கட்டுக் கூட்டம் எப்படி இருக்கும் என்று முப்பது வருடம் கண்ணாடியில் பார்த்தவர் அவர். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு குடையை விரித்து நீட்டினால், கம்பி யார் மேலாவது மாட்டாமல் இருக்குமா?

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னார். "நான்தான் காரணம்னு நினைக்கிறேன். அன்னிக்கு உனக்குப் பெரிய மீன் வரணும்னு நான் கை கையா பெல்லட் அள்ளிப் போட்டேன்."

பேத்தி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் கூட வந்தாள். தூண்டில் தொடமாட்டேன், பார்க்க மட்டும்தான் வருவேன் என்ற நிபந்தனையோடு.

அந்தக் கோடை முழுக்க அந்த நோட்டில் ஏறியதை எல்லாம் இங்கே எழுதினால் இடம் போதாது. முக்கியமானது தீனி விஷயம். தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி, நிறையப் போட்டால் நிறைய வரும் என்று நினைப்பார்கள். வரும்தான். ஆனால் தண்ணீரில் தீனி விழும் சத்தம் கேட்டே மேலே வரப் பழகிய மீன்கள் இவை. அடிக்கடி, நிறைய, லேசான தீனி போட்டால் அவை தரையை விட்டு எழும்பி நடுத் தண்ணீரில் நிற்கும். முள்ளோ தரையில் கிடக்கும். ஆக, இரை ஒரு மாடியில், விருந்தாளிகள் இன்னொரு மாடியில். நடுவே செங்குத்தாக நரம்பு. அந்த நிலையில் தக்கை ஓயாமல் ஆடும், ஓயாமல் முங்கும். ஒரு கடியும் உண்மையான கடி இல்லை. தக்கை ரொம்ப ஆடுகிறது, மீன் மட்டும் வரவில்லை என்றால் மீன் எழும்பிவிட்டது என்று அர்த்தம். தாத்தா இதை ஒரே வாரத்தில் கண்டுகொண்டார்.

அதற்கு வழி இரண்டு. முதல் வழி, தக்கையை நரம்பில் கீழே இறக்கி, இரையை மீன் நிற்கும் ஆழத்துக்கே உயர்த்துவது. இரண்டாவது, மீனைக் கீழே கொண்டுவருவது. தீனியைக் குறைக்க வேண்டும். போடுவதும் சட்டென்று தரைக்குப் போகிற மாதிரி கனமாக இருக்க வேண்டும். ரொட்டித் தூளை நன்றாக ஈரமாக்கி இறுகப் பிசைந்த உருண்டை, சோள முத்து, இப்படி. தாத்தாவுக்கு இரண்டாவது வழிதான் பிடித்தது. சோளம் தரைக்குப் போகும் வேகத்தில் மீனும் போய்த் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. இன்னொரு சின்ன வேலையும் செய்தார். தீனி விழும் நடு இடத்தில் இரையைப் போடாமல், ஓர் அடி தள்ளி ஓரத்தில் போட்டார். பந்தியின் கடைசி இலை மாதிரி. அங்கே கூட்டம் குறைவு, உரசலும் குறைவு.

ஆழத்தை அளக்கவும் ஆரம்பித்தார். முள்ளில் ஓர் ஈயக்குண்டை மாட்டி இறக்கிப் பார்த்தால் தண்ணீர் எத்தனை அடி என்று தெரிந்துவிடும். ஐம்பது வருட அனுபவசாலிக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டிருந்த வேலை அது. அளந்த பிறகு, முள்ளுக்கு மேலே உள்ள நரம்பில் கொஞ்சம் தரையிலேயே படிந்து கிடக்கிற மாதிரி வைத்தார். தரையோடு கிடக்கும் நரம்பில் எந்த மீனும் இடிப்பதில்லை.

எதிர்க்கரையில் இரண்டு இளைஞர்கள் கார்ப்புக்கென்றே மூன்று மூன்று கோல் நட்டு, மீன் தொட்டால் பீப் பீப் என்று கத்தும் மின்சார அலாரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தக்கை கிடையாது. ஈயம் நடுக்குளத்தில் தரையில் கிடக்கும். அங்கிருந்து கோல் முனை வரைக்கும் நரம்பு தண்ணீருக்குள் சாய்வாக வரும். அந்தச் சாய்வு நெடுக மீன் இடிக்கலாம். அலாரம் ஒரு தடவை 'பீப்' என்று விட்டு ஓய்ந்தால் அவர்கள் கோலைத் தொடுவதில்லை. நரம்பின் மேல் இன்னொரு சின்ன ஈயத்தை நழுவவிட்டுத் தரையோடு அழுத்தி வைக்கிறார்கள். பேத்தி எதிர்க்கரைக்கு நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்து இதை எழுதினாள். இந்த இளைஞர்களைப் பற்றித் தாத்தாவுக்கு அதுவரை நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கூடாரம் போட்டுத் தூங்குகிறவனெல்லாம் மீன்பிடிக்காரனா என்பார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவர்களிடமிருந்து இன்னொன்றும் தெரிந்தது. கார்ப் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயைக் குழாய் மாதிரி முன்னால் நீட்டித் தண்ணீரோடு சேர்த்து இழுக்கும். வாய்க்குள்ளே மேலண்ணத்தில் ஒரு தசைத் திரட்சி இருக்கிறது. கல் எது, தீனி எது என்று அது பிரித்துப் பார்க்கும். வேண்டாததைச் சட்டென்று துப்பிவிடும். பல்லோ தொண்டைக்குள்ளே இருக்கிறது. ஆக, முள் வாய்க்குள் போய்விட்டது என்பதற்காக அங்கேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. துப்பும் அந்த நொடியில் சுண்டினால் உதட்டுக்கு வெளியே, தாடையின் அடியில், செவுள் மூடியில் குத்திவிடும். இந்தத் துப்பும் பழக்கத்தை வைத்தே ஆங்கிலேயர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோர்ப்பது. 'ஹேர் ரிக்' என்று பெயர். மீன் துப்பும்போது வெறும் முள் திரும்பிக் கீழுதட்டில் பதிந்துகொள்ளும். சுண்டவே வேண்டாம்.

சுண்டுவதிலும் தாத்தாவுக்குப் பாடம் இருந்தது. அவர் சுண்டினால் கோல் தோளுக்குப் பின்னால் போகும். முள் அரை மீட்டர் பாய்ந்தால் அந்தப் பாதையில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? தக்கை ஆடுவதற்கெல்லாம் சுண்டாமல், அது முழுதாக முங்கி நரம்பும் இழுபடும் வரை காத்திருந்து, மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கினால் போதும். சொல்வது சுலபம். ஐம்பது வருடக் கை கேட்க வேண்டுமே. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "பொறுங்க... பொறுங்க..." என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வாலில் மாட்டிய சின்ன மீன் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் அவள்தான் கேட்டாள். முள் வாயில் இருந்தால் தலையைத் திருப்பலாம். தலை திரும்பிய பக்கம்தான் மீன் போகும். கடிவாளம் போட்ட குதிரை மாதிரி. முள் வாலிலோ விலாவிலோ இருந்தால் தலை அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. இழுக்கிறவர் மீனின் முழு அகலத்தையும் தண்ணீருக்கு எதிராகக் குறுக்கே இழுக்கிறார். அதனால்தான் 'ராட்சசன்' என்று நினைத்தது வலையில் வந்ததும் சுண்டைக்காயாகிவிடுகிறது. மீனுக்கோ இது கூடுதல் கஷ்டம். பின்பக்கமாக இழுபடும்போது செவுள் வழியாகத் தண்ணீர் சரியாக ஓடாது. அது ஓடினால்தானே மூச்சு?

"மீனுக்கு வலி தெரியாது" என்று தாத்தா சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். கரையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பேத்தி பள்ளி நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தாள். லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானி 2003-ல் தன் குழுவோடு வெளியிட்ட ஆய்வு அது. ரெயின்போ டிரவுட் மீனின் முகத்தில், காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை அதில் காட்டியிருந்தார்கள். உதட்டில் எரிச்சல் தரும் மருந்தை ஏற்றியபோது, அந்த மீன்கள் உதட்டைச் சரளைக் கல்லில் போய்த் தேய்த்தன. அதை மனிதன் உணரும் வலி என்று சொல்லலாமா என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. மீனின் மூளை அதற்குப் போதாது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வாயில குத்தினாலும் அப்படித்தானே இருக்கும்?" என்றார்.

"ஆமா."

"அப்போ நாம நிறுத்திடணுமா?"

"தெரியல தாத்தா. ஆனா வாயில மாட்டுறது, அது சாப்பிட வந்து மாட்டுது. வால்ல மாட்டுறது நம்ம அவசரத்தால. அதையாவது நிறுத்தலாம்ல?"

12 வயதுப் பிள்ளையின் நியாயம் இது. ஓட்டை இல்லாத நியாயம் என்று சொல்ல முடியாது. சாப்பிட வந்தவனுக்குச் சோற்றில் முள் வைப்பது மட்டும் என்ன தர்மம் என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. ஆனால் தவிர்க்கக்கூடிய காயம், தவிர்க்க முடியாத காயம் என்று அவள் போட்ட கோடு, அந்த நாட்டுச் சட்டம் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேண்டுமென்றே மீனின் உடம்பில் முள்ளை ஏற்றி இழுக்கும் கருவிகளை 1975-ம் வருடத்து சால்மன் மற்றும் நன்னீர் மீன் சட்டம் தடை செய்கிறது. கோலோடு சேர்த்துப் பயன்படுத்தினாலும் குற்றம்தான். தற்செயலாக வாய்க்கும் தொண்டைக்கும் வெளியே மாட்டிய மீனை, கூடியவரை காயப்படுத்தாமல் உடனே திரும்ப விட வேண்டும் என்பது விதி.

எப்படி விடுவது என்பதில் தாத்தா முன்பே கில்லாடி. கொக்கி மடிப்பு இல்லாத வழுவழு முள்தான் போடுவார். வந்த வழியே நழுவி வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவார். மீனின் மேல் இருக்கும் வழவழப்பு அழுக்கு இல்லை, அதுதான் அதற்குக் காப்பு. காய்ந்த கை பட்டால் அது வழிந்து போய்விடும். அந்த இடத்திலும் செதில் போன இடத்திலும் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பிய்ந்த செதில் நாளாவட்டத்தில் மறுபடி முளைக்கும். பேத்திக்கு இதைச் சொன்னபோதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தச் செதிலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வாரம் இரண்டு பேரும் குளத்துக்குப் போகவே இல்லை. தண்ணீர் சூடேறிவிட்டது. கார்ப்புகள் கரையோரப் புல்லில் முட்டையிட வந்து, தண்ணீரைச் சளார் சளாரென்று அடித்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த வகை மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. குளங்களில் பெரும்பாலும் அந்தத் தடை கிடையாது, அந்தந்தக் கிளப் வைத்ததே சட்டம். முட்டையிடும் மீன்கள் இரையைச் சட்டை செய்யாது. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு முட்டும். அந்தக் கூட்டத்தில் முள்ளைப் போட்டால் எங்கே குத்தும் என்று சொல்லவே வேண்டாம். அப்போதும் ஒருவர் கோலோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு தாத்தா போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அந்த ஆள் கோலை மடித்துக்கொண்டு போனதைப் பேத்தி பார்த்தாள்.

பள்ளி நீள விடுமுறையில் ஒரு நாள் பேத்தி தானாகவே கோலைக் கேட்டாள். ஐந்தாறு சோள முத்து போட்டாள், அவ்வளவுதான். தக்கை ஆடியது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி ஆடியது. தாத்தாவின் கை அவரை அறியாமல் காற்றில் சுண்டியது. அவள் அசையவில்லை. அரைமணி நேரம் கழித்துத் தக்கை சாய்ந்து, நகர்ந்து, நிதானமாக உள்ளே போனது. மணிக்கட்டைத் தூக்கினாள். வந்தது ஒரு டென்ச். முள் மேலுதட்டின் நடுவில் இருந்தது. தாத்தா வலையைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே இல்லை. குனிந்து, இரண்டு விரலால் முள்ளை நழுவவிட்டு, வலையைச் சாய்த்தார்.

ஒன்றும் இனி தவறாது என்று நினைத்தால் அதுதான் ஏமாற்றம். செப்டம்பரில் தாத்தாவுக்கே ஒரு பிரீம் மார்புத் துடுப்பில் மாட்டியது. குளிர் வந்ததும் கார்ப்புகள் அசையாமல் ஓரிடத்தில் அடுக்கி வைத்த மாதிரி நெருக்கமாக நின்றுவிட்டன. அந்த இடத்தில் இரை போட்டால் நரம்பு எப்போதும் ஏதாவது ஒரு முதுகில்தான் படுத்திருக்கும். தாத்தா இடத்தை மாற்றிக்கொண்டார். மீன் இருக்கும் இடம் தெரிந்தும் வேறிடத்தில் போய் உட்காருவது, கிளப்பில் மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

டிசம்பர் விடுமுறையில் பேத்தி வந்தபோது, அவர் பெர்ச்சும் பைக்கும் பிடிக்கும் பெட்டியைத் திறந்தார். இவை வேட்டையாடும் மீன்கள். சின்ன மீன் மாதிரி செய்த பொம்மையை இழுத்துக் காட்டினால் பாய்ந்து வரும். பெரும்பாலான பொம்மைகளில் வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்கும். ஆக ஆறு முனை. பாயும் மீன் குறி தவறினாலோ, பக்கத்து மீன் வேடிக்கை பார்க்க வந்தாலோ, ஆறில் ஒன்று கன்னத்தில், கண்ணோரத்தில் ஏறிவிடும். வாயில் மாட்டிய மீன் துள்ளும்போதும் மிச்ச முனைகள் சும்மா இருப்பதில்லை. பேத்தி ஒவ்வொரு பொம்மையாக எடுத்து முனைகளை எண்ணினாள். எண்ணிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வரிசையாகச் சமையலறை மேசையில் வைத்தாள்.

தாத்தா பொம்மைகளைப் பார்த்தார். சிலது அவருடைய அப்பா வைத்திருந்தவை. வண்ணம் உரிந்திருந்தது. எழுந்துபோய்க் குறடை எடுத்து வந்தார்.

"13 வயசானா உனக்கும் லைசென்ஸ் வேணும், தெரியுமா? 16 வரைக்கும் இலவசம்தான். ஆனா எழுதி வாங்கணும்."

"பிப்ரவரியில வாங்கிக்கறேன்" என்றாள் பேத்தி. "முதல்ல இந்தப் பச்சையை."

அவர் பச்சைப் பொம்மையைத் திருப்பிப் பிடித்து, வயிற்றில் இருந்த மும்முனை முள்ளை வெட்டி எடுத்தார். வாலில் இருந்த வளையத்தில் ஒற்றை முள் ஒன்றைக் கோர்க்க ஆரம்பித்தார். வளையம் சின்னது, அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. பேத்தி வாங்கிக் கோர்த்தாள்.